மறைப்புக்கு நடும் பசுமை மாறாச் செடிகள்: நர்சரியில் விற்பவற்றில் எது தேறும்?

அரை கிரவுண்டில் வீடு கட்டியவர்களுக்கு எப்படியும் வந்து சேரும் தொல்லை இது. பக்கத்து மனையில் மாடி எழும்பியதும் அவர்கள் வீட்டுச் சன்னல் நம் சமையலறையைப் பார்த்தபடி நிற்கும். நர்சரிக்குப் போனால் நாம் கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்துவிடும்: "அசோகா வைங்க சார், மதில் மாதிரி வரும்." கொஞ்சம் விவரமான கடையாக இருந்தால் காமினி, யூஜீனியா, மூங்கில் என்று நான்கைந்து காட்டுவார்கள். எல்லாமே வருடம் முழுக்க இலையோடு நிற்பவைதான். எல்லாமே "சீக்கிரம் வளரும், பராமரிப்பே வேண்டாம்" என்ற ஒரே பல்லவியோடுதான் விற்கப்படுகின்றன. சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற சமவெளி ஊர்களில் எளிதில் கிடைக்கும் செடிகள் மறைப்பு என்ற ஒரு வேலையை எப்படிச் செய்கின்றன என்று மட்டும் இங்கே பார்க்கிறோம். பூவும் வாசமும் பிறகு.

செடியைத் தேடும் முன் அளவு நாடாவை எடுங்கள். எந்த அடியிலிருந்து எந்த அடி வரை இலை வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. செடி மொத்தம் எவ்வளவு உயரம் போகும் என்பது அதற்கு அப்புறம்தான். ஐந்தடி மதில் ஏற்கெனவே இருந்தால் கீழ் ஐந்தடியில் இலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கம்பி வேலி என்றால் தரையிலிருந்தே இலை வேண்டும். மேல் எல்லைக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. அடித்தளம் 2 அடி, நின்றபடி பார்க்கும் கண் 5 அடி என்று வைத்தால், தரைத்தளத்தில் நிற்கும் உங்கள் கண் மட்டம் 7 அடி. மாடித் தளம் அதற்குப் பத்தடி மேலே என்பதால், முதல் மாடியில் நிற்பவரின் கண் மட்டம் ஏறக்குறைய 17 அடி. பக்கவாட்டில் இரு வீட்டுக்காரரும் ஐந்தைந்து அடி விட்டிருந்தால் நடுவில் 10 அடி. உங்கள் சன்னலிலிருந்து 3 அடி தள்ளி வேலி நட்டால், 10 அடி உயரம் போதும். அவர்கள் பார்வை அதைத் தாண்டி உள்ளே இறங்காது. பின்பக்கத் தோட்டம் பெரிதாக இருந்து, எதிர்ச் சன்னல் 25 அடி தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். வேலியைக் கடைக்கோடி மதிலோரம், உங்களிடமிருந்து 18 அடியில் நட்டால் 14 அடிக்கு மேல் வளர வேண்டும். அதே வேலியை 8 அடியில் நட்டால் பத்தடிதான். மறைப்பு நமக்கு எவ்வளவு கிட்டே வருகிறதோ அவ்வளவு உயரம் குறையும். மதிலோரத்தில்தான் நட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இதைக் கவனிக்காமல், பத்தடிச் செடியில் முடிய வேண்டிய வேலைக்கு முப்பதடி மரத்தை நட்டுவிட்டு, பிறகு வருடா வருடம் ஆள் வைத்து வெட்டுகிறார்கள்.

காமினி

நகர மனைகளுக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். தாவரவியல் பேர் முர்ராயா பனிக்குலேட்டா, கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் உறவு. கரும்பச்சையில் பளபளக்கும் சிறிய இலை, வெட்ட வெட்ட அடர்ந்து வரும் குணம், மழை பெய்த சில நாட்களில் மொத்தமாகப் பூத்துத் தெருவையே மணக்க வைக்கும் வெள்ளைப் பூ. மறைப்புக்கு முக்கியமானது, ஒழுங்காக வெட்டினால் தரை மட்டத்திலிருந்தே இலை நிற்கும் என்பது. தரையிலிருந்து 8 அடி வரை தாராளமாக மூடும். பொறுமை இருந்தால் 10 அடி. 2 அடி அகல நிலம் போதும். செடிக்குச் செடி 2 அடி விட்டால் 30 அடி நீளத்துக்கு 15 செடி.

குறை, வேகம். வருடத்துக்கு ஓர் அடி, ஒன்றரை அடி என்றுதான் ஏறும். முதல் வருடம் அதுகூடக் கண்ணுக்குத் தெரியாது. மூன்று வருடம் காத்திருக்க முடியாதவர் இதை வாங்கி நொந்துகொள்ள வேண்டாம்.

வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ‘மினி காமினி’ என்று குட்டை வகை ஒன்று இருக்கிறது. இலை இன்னும் சிறியது, கணுக்கள் நெருக்கமானவை, பையிலேயே உருண்டையாக அழகாக இருக்கும். அது மூன்று நான்கு அடியோடு நின்றுவிடும். நடைபாதை ஓரத்துக்குத்தான் சரி. பையில் பார்க்க ஒல்லியாக, கொஞ்சம் தாறுமாறாக நீண்டு நிற்கும் பெரிய இலை வகைதான் மறைப்புக்கு வேண்டியது. கடைக்காரர் பெரும்பாலும் அழகானதைத்தான் முன்னால் வைத்திருப்பார்.

இன்னொன்று: எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி மரங்களுக்குப் பக்கத்தில் காமினி வேலி வேண்டாம். எலுமிச்சை இனத்தைச் சாகடிக்கும் பசுமையாக்கல் நோயைப் பரப்பும் சில்லிடு பூச்சி காமினித் துளிரில் குடும்பம் நடத்தும். வேலிக்கு ஒன்றும் ஆகாது, பழமரம்தான் போகும்.

காமினி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அடிக்கடி வரும் புகார். பெரும்பாலான வீடுகளில் காரணம் மதிலோர மண். வீடு கட்டியபோது விழுந்த சிமெண்ட், செங்கல் துண்டு, பூச்சு வேலைக் கழிவு எல்லாம் அங்கேதான் புதைந்திருக்கும். மண்ணில் காரம் ஏறி, இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இதற்கு உரக்கடையில் யூரியா வாங்கிப் போட்டால் ஒரு பயனும் இல்லை. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள். இரண்டு வாரம் விட்டு மறுபடி. புதுத் துளிர் பச்சையாக வந்தால் நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பழைய மஞ்சள் இலை பச்சையாகத் திரும்பாது, அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

நெட்டிலிங்கம்

நர்சரிக்காரர் ‘அசோகா’ என்று சொல்வது இதைத்தான். உண்மையான அசோக மரம் வேறு. இதை ஒதுக்குபவர்களும் உண்டு, கண்ணை மூடிக்கொண்டு நடுபவர்களும் உண்டு. இருவருமே இடத்தைப் பார்க்காமல் பேசுகிறார்கள். ஐந்தடி மதிலுக்கு மேல் 5 முதல் 15 அடி வரை இலை வேண்டும், தரையில் அகலம் 3 அடிதான் இருக்கிறது என்றால், இதைவிடப் பொருத்தமான மரம் கிடையாது. தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதன் தாயகம். நம் வெயில் இதற்குப் பழகியது. வேர் பிடித்துவிட்டால் தண்ணீர் அதிகம் கேட்காது. ஒழுங்காகத் தண்ணீர் விட்டால் வருடம் இரண்டு மூன்று அடி ஏறும். கிளைகள் தண்டை ஒட்டியே தொங்குவதால் பக்கத்து வீட்டுக்குள் கை நீட்டாது.

கம்பி வேலி ஓரத்தில் இதை நட்டால்தான் குட்டு வெளிப்படும். நெருக்கி நட்டு, ஒன்றின் நிழல் இன்னொன்றின் அடியில் விழ ஆரம்பித்ததும் கீழ்க் கிளைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து உதிரும். ஐந்தாறு வருடத்தில் கீழே வெறும் கழிகள் வரிசையாக நிற்கும்; மேலே மட்டும் பச்சை. போன கீழ்க்கிளை திரும்ப அடர்ந்து வருவதும் அபூர்வம். கம்பி வேலிக்காரர் நெட்டிலிங்கத்தை நட்டே தீருவேன் என்றால், அதற்கு முன்னால் 2 அடி தள்ளி நிழல் தாங்கும் காமினியை இன்னொரு வரிசையாக வைத்துக் கீழ்ப்பகுதியை மூட வேண்டும். அதற்கு 5 அடி அகலம் வேண்டும். அவ்வளவு இடம் இருந்தால் இந்த ஜோடி நன்றாகவே வேலை செய்யும்.

இடைவெளி 4 அடி. 30 அடிக்கு 8 மரம். "நெருக்கி நட்டா சீக்கிரம் மூடும்" என்று 2 அடிக்கு ஒன்று விற்பார்கள். மரங்கள் ஒல்லியாக ஓடும், நடுவில் நான்கைந்து செத்து இடைவெளி விழும். மதிலை ஒட்டித் தண்டை வைக்காதீர்கள். மதிலின் அஸ்திவாரம் உள்பக்கம் ஓர் அடியாவது துருத்திக்கொண்டிருக்கும், அதன் மேல் உட்கார்ந்த மரம் ஒரு நாளும் நேராக நிற்காது. விரிந்து வளரும் வகையும் இதே பேரில் வரும். மூன்றடிச் செடியிலேயே பக்கக் கிளை தண்டோடு சேர்ந்து கீழ்நோக்கித் தொங்குகிறதா என்று பார்த்து எடுங்கள். கிடைமட்டமாக நீட்டினால் வேண்டாம்.

15 அடியில் நுனியை வெட்டி நிறுத்திவிடுவது நல்லது. உயரே போக விட்டால் புயல் காற்றில் மண் ஊறியிருக்கும்போது சாயும். மேலே மின்கம்பி இருந்தால் மின்வாரிய ஆட்கள் அவர்கள் விருப்பத்துக்கு மொட்டையடிப்பார்கள். காய்க்கத் தொடங்கியதும் வௌவால் வரும். கருநீலப் பழத்தைத் தின்று கார் மேலும் வெள்ளைச் சுவர் மேலும் கறையாக்கும். கார் நிறுத்தும் பக்கத்தில் இதை வைக்காதீர்கள் என்பதற்கு இது ஒன்றே போதும்.

மூங்கில்

பயமும் ஆசையும் சரிபாதியாகக் கலந்த செடி. "வீட்டையே பெயர்த்துவிடும்" என்பது ஓடி ஓடி முளைக்கும் குளிர்நாட்டு வகைகளைப் பற்றிய பேச்சு. நம் சமவெளியில் விற்பவை அநேகமாக எல்லாம் குத்தாக வளர்பவை. குத்து வருடா வருடம் கொஞ்சம் தடிக்கும், அவ்வளவுதான். ஆனால் எந்தக் குத்து என்பதில் சூட்சுமம் இருக்கிறது. ‘கோல்டன் பேம்பூ’ என்று மஞ்சள் தண்டில் பச்சைக் கோடு போட்டு மயக்குவது முப்பது அடிக்கு மேல் போகும், தண்டு கையளவு தடிக்கும். பண்ணை வீட்டுக்குச் சரி; முப்பதுக்கு நாற்பது மனையில் அது உங்களுக்கு இடம் விடாது. கேட்டு வாங்க வேண்டியது பேம்பூசா மல்டிபிளெக்ஸ். பேனாத் தடிமனில் இருந்து பெருவிரல் தடிமன் வரை தண்டு, அடியிலிருந்தே இலை, 10 முதல் 15 அடி. செடிக்குச் செடி 4 அடி விட்டு நட்டால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் சுவராக மூடும். வேகத்தில் இதை மிஞ்ச ஆளில்லை.

மூங்கிலை வெட்டும் முறை மற்ற செடிகளைப் போல் அல்ல. ஒரு தண்டு மண்ணை விட்டு வெளிவந்த சில வாரங்களில் தன் முழு உயரத்தையும் எட்டிவிடும். பிறகு அது உயராது. கிளையும் இலையும்தான் வைக்கும். எனவே ஒரு தண்டை 10 அடியில் கணுவுக்கு மேல் வெட்டினால் அது ஆயுளுக்கும் 10 அடிதான். மழைக்காலம் முடிந்ததும் அந்த வருடத்துத் தண்டுகளை மட்டும் அளவுக்கு வெட்டினால் போதும். மாதா மாதம் கத்தரி தூக்க வேண்டியதில்லை. மூன்று வயதைத் தாண்டி வெளுத்துப்போன தண்டுகளை அடியோடு எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் குத்தின் நடுவே காய்ந்த தண்டு அடைந்து, எலி குடியேறி, எலியைத் தேடிப் பாம்பும் வரும். "மூங்கில் வைத்தால் பாம்பு" என்று பெரியவர்கள் சொல்வது இந்தப் பராமரிக்காத குத்தைப் பார்த்துத்தான்.

4 அடி அகலமாவது இதற்கு நிலம் வேண்டும். வருடம் முழுக்க இலை கொட்டும். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியோ மழைநீர்க் குழாயோ இருந்தால் அடைக்கும். உப்புத் தண்ணீர் விட்டால் இலை நுனி பழுப்பாகக் கருகிவிடும், வேலி முழுக்க வாடியது போலவே தெரியும்.

யூஜீனியா

இந்தப் பேரில் விற்பது சைசிஜியம் வகை, நாவலின் சொந்தம். செம்பு நிறத் துளிர், நேராக எழும் உருவம், அடியிலிருந்து 12 அடி வரை இலை. கட்டடக் கலைஞர்களுக்கு ரொம்பப் பிடித்த செடி. புது வில்லாக்களில் பார்த்திருப்பீர்கள். கோவை, ஓசூர் பக்கம் அருமையாக வரும். காமினியைவிட வேகம், நெட்டிலிங்கத்தைவிட அடர்த்தி. 2 அடி இடைவெளி. தண்ணீர்தான் பிரச்சினை: வேலூர், திருச்சி, மதுரை அக்கினி நட்சத்திர வெயிலில் இரண்டு நாள் தண்ணீர் தவறினால் இலை ஓரம் கருகும், ஒரு வாரம் தவறினால் வரிசையில் ஓட்டை விழும். ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள் சொட்டுநீர் போடாமல் இதைத் தொட வேண்டாம். செம்பு நிறம் துளிரில் மட்டும்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். படத்தில் காட்டும் சிவப்பு வேலி, வெட்டிய இரண்டாம் மூன்றாம் வாரத்தில் எடுத்தது.

காசு குறைவு, ஆயுள் கெட்டி

கடற்கரை ஊர்க்காரர்கள் மேலே சொன்ன எதையும் வாங்கும் முன் சங்கங்குப்பியைப் பாருங்கள். பீநாறிச் சங்கு என்பார்கள். இலையைக் கசக்கினால் பேர்க் காரணம் புரியும், கசக்காதவரை நாறாது. உப்புக் காற்று, உப்புத் தண்ணீர், மணல் எல்லாவற்றையும் தாங்கும், ஆடு மாடு வாய் வைக்காது. விலையும் குறைவு. பென்சில் தடிமனில் முக்கால் அடிக் குச்சியை வெட்டி மழைக்காலத்தில் நேரே மண்ணில் குத்தினாலே வேர் விடும். ஓர் அடிக்கு ஒன்று. தரையிலிருந்து 6 அடி வரை பச்சைச் சுவர். அதற்கு மேல் கேட்காதீர்கள், சரிந்து விழும். மழைக்காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒரு வெட்டு கேட்கும், அதுதான் இதன் கூலி. பழைய பள்ளிக்கூடங்களிலும் ரயில் நிலையங்களிலும் இருந்த வேலி. இன்று நர்சரிகளில் கேட்டால் பின்பக்கம் போய்த் தேடி எடுத்து வருகிறார்கள்.

தண்ணீரே இல்லாத செம்மண் காட்டுக்கு விராலி. வருடம் முழுக்கப் பளபளக்கும் ஒல்லி இலை, 8 அடி வரை உயரம், முதல் வருடத்துக்குப் பிறகு மழையே போதும். விதை தோல் கெட்டி. கொதித்த தண்ணீரை ஊற்றி, ஆறியபின் ஓர் இரவு ஊறவிட்டு விதைத்தால்தான் சீராக முளைக்கும். தண்ணீர் தேங்கும் களிமண்ணில் வேர் அழுகிப் போகும், அங்கே வேண்டாம். கொங்குப் பக்கத்துக் கிளுவை வேலி அருமையான உயிர்வேலிதான். கோடையில் இலையைக் கொட்டிவிடும் என்பதால் மறைப்புக் கணக்கில் வராது.

வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உள்ளவை

கோனோகார்பஸ் மரத்தை இன்னும் சிலர் கேட்டு வருகிறார்கள். வேகத்தில் ராட்சசன், எதையும் தாங்கும். ஆனால் வேர் குழாய்க்குள்ளும் சம்ப்புக்குள்ளும் நுழையும். குஜராத் அரசு 2023-ல் தடை செய்தது. தமிழ்நாடு அரசும் 2025-ல் தடை விதித்தது. வேறு பேர் சொல்லி விற்றாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே நட்டிருப்பவர்கள் மழைக்காலத்துக்கு முன்பு எடுத்துவிட்டுக் காமினி வைக்கலாம்.

ஃபைகஸ் வகைகள் எல்லாம் ஆல், அரசின் பங்காளிகள் என்பதை மறந்துவிடுகிறோம். தொட்டியில் இருக்கும்வரை சாது. மண்ணில் இறங்கினால் ஐந்தாறு வருடத்தில் மதில் கீறும். ஃபைகஸில் ஒன்றான பெஞ்சமினா வேலியில் இன்னொரு தொல்லை: துளிர் இலைகள் நடு நரம்போடு இரண்டாக மடிந்து, உள்பக்கம் சிவப்புப் புள்ளி விழும். மடிப்பைப் பிரித்துப் பாருங்கள், எள்ளைவிடச் சின்னக் கறுப்புப் பூச்சிகள் ஓடும். இலைப்பேன். மடிப்புக்குள் மருந்து போகாது. அந்த நுனிகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துவதுதான் வழி. வெட்டினால் புதுத் துளிர் வரும், பூச்சிக்கு மறுபடி விருந்து.

அரளி நெடுஞ்சாலை நடுவில் நன்றாக இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். இலை, பூ, தண்டு எல்லாம் விஷம். வெட்டிய கழிவை எரித்தால் புகையும் ஆகாது. கைக்குழந்தையோ ஆடு மாடோ இருக்கும் வீட்டு வேலிக்கு இது சரிவராது. கோல்டன் டுராண்டாவின் ஆரஞ்சு நிறக் காயும் குழந்தைகள் வாயில் வைக்கக் கூடாதது. தவிர அது மூன்றடி அலங்கார வேலிதான்.

தூஜா மலைக்காரர்களின் செடி. உதகை, கொடைக்கானல் குளிரில் அதுவும் அதன் உறவான சைப்ரஸும் வேலியாகப் பல வருடம் கெட்டியாக நிற்கும். அங்கேயும் ஒரு நிபந்தனை: பச்சை இருக்கும் பகுதிக்குள் மட்டும் வெட்ட வேண்டும். பழுப்புக் கட்டை வரை உள்ளே வெட்டிவிட்டால் அந்த இடம் திரும்பத் துளிர்க்காது. சமவெளி வெயிலில் தூஜா உள்ளிருந்து பழுப்பாகி வருவதால் இந்த நிபந்தனையே பொருளற்றுப் போகிறது.

பையைத் தூக்கிப் பாருங்கள்

எட்டடிச் செடிக்குப் பணம் கொடுப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அதன் இலையெல்லாம் உச்சியில் இருக்கும். பை சிறியதாகவும் செடி உயரமாகவும் இருந்தால் வேர் உள்ளே வட்டமடித்து முறுக்கியிருக்கும், நட்ட பிறகும் அந்த வட்டத்தை விட்டு வெளியே வராது. இரண்டரை அடி உயரத்தில், தரையிலிருந்து நான்கைந்து கிளை பிரிந்த செடி, சில வருடத்தில் எட்டடிச் செடியை எட்டிப் பிடிக்கும், அடர்த்தியில் தாண்டிவிடும். மூங்கிலில் மட்டும் விதிவிலக்கு: ஐந்தாறு தண்டு உள்ள பெரிய குத்தாக வாங்கினால் ஒரு வருடம் மிச்சம்.

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலைக் கடைகள் உட்படப் பல இடங்களுக்கும் ஆந்திராவின் கடியம் பகுதியிலிருந்து லாரியில் செடி வருகிறது. அங்கிருந்து வரும் பைகளில் பல களிமண் உருண்டையோடு இருக்கும். காய்ந்தால் செங்கல் போல இறுகி, ஊற்றும் தண்ணீர் உருண்டையைச் சுற்றி வழிந்து போகும். உள்ளே வேர் காய்ந்து கிடக்கும். நட்ட மூன்றாம் வாரம் "தண்ணி விட்டும் செத்துப்போச்சு" என்பதன் காரணம் அநேகமாக இதுதான். நடும் முன் பையோடு வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி நிற்கும்வரை ஊறவிடுங்கள். பையைக் கிழித்தபின் உருண்டையின் பக்கவாட்டில் கத்தியால் மூன்று இடத்தில் அரை அங்குல ஆழம் கீறுங்கள். அடியில் சுருண்ட வேரை வெட்டி எடுங்கள். இலையின் கீழ்ப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். வெள்ளைச் சுருள் சுருளாக மெழுகு தெரிந்தால், 2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் முதலில் தெரிந்த சுருள் வெள்ளை ஈ அது. வீட்டில் தென்னை இருந்தால் அந்தச் செடி வேண்டாம்.

குழியைவிட வாய்க்கால்

வரிசைச் செடிக்குத் தனித்தனிக் குழி வெட்டுவதைவிட ஒரே நீள வாய்க்காலாக வெட்டுவது மேல். வேர் ஒன்றை ஒன்று தொட்டுச் சீராக வளரும். ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். கட்டடக் கழிவை முழுக்கப் பொறுக்கி வெளியே போடுங்கள். எடுத்த மண்ணில் நல்லது பாதி, செம்மண் கால், மக்கிய தொழுவுரம் கால் பங்கு கலந்து நிரப்புங்கள். 30 அடி வாய்க்காலுக்குத் தொழுவுரம் சுமார் 17 கன அடி பிடிக்கும். வேப்பம்பிண்ணாக்கு 3 கிலோ. மக்காத சாணம் போட்டால் கரையான் வரும். வேளச்சேரி, பள்ளிக்கரணை போலக் களிமண்ணும் தேக்கமும் உள்ள இடத்தில் தோண்டுவதைக் குறைத்து, தரைக்கு மேல் முக்கால் அடி மேடு போட்டு அதில் நடுங்கள்.

ஆடி கடைசியிலிருந்து புரட்டாசிக்குள் நட்டுவிட்டால், வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது வேர் தயாராக இருக்கும். சித்திரையில் நடுவது செடிக்கும் உங்களுக்கும் தண்டனை. 16 மில்லிமீட்டர் சொட்டுநீர்க் குழாயில் 40 சென்டிமீட்டருக்கு ஒரு துளை, மணிக்கு 4 லிட்டர் என்று வாங்கினால், 30 அடிக்கு 23 துளை வரும். ஒரு மணி நேரத்தில் 90 லிட்டர் சொச்சம். 15 காமினிக்கு ஆளுக்கு 6 லிட்டர். முதல் இரண்டு மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் இரண்டு முறை.

உயரத்தை எட்டட்டும் என்று வெட்டாமல் விடுவதுதான் வேலியைக் கெடுக்கும் முதல் காரியம். காமினி, யூஜீனியா, சங்கங்குப்பி மூன்றையும் ஒன்றரை அடியில் முதல் வெட்டு. பிறகு ஒவ்வொரு முறை அரை அடி வளர்ந்ததும் அதில் பாதியை எடுங்கள். மேலே ஒன்றரை அடி அகலம், கீழே இரண்டரை அடி என்று சரிவாக வெட்டினால்தான் கீழ் இலைக்கு வெயில் கிடைக்கும். தோட்டக்காரரிடம் விட்டால் மேலே அகலமாக, கீழே ஒடுக்கமாக வெட்டிவிட்டுப் போவார். நிற்கும் உயரத்தில் கை போவது அப்படித்தான். இரண்டு முனையிலும் குச்சி நட்டு, மேல் அளவுக்கு ஒன்றும் கீழ் அளவுக்கு ஒன்றுமாகக் கயிறு கட்டிக் கொடுங்கள். வெட்டிய இலை அடியில் குவியாமல் வாரிவிட்டு, தரைக்கும் முதல் கிளைக்கும் நடுவே நான்கு விரல் காலியாக வையுங்கள். மாவுப்பூச்சி தெரிந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலையில்.

நீளத்துக்குக் கணக்கிட்டதற்கு மேல் இரண்டு செடி கூடுதலாக வாங்கி, பெரிய பைக்கு மாற்றி, வேலியை வெட்டும் நாளில் அவற்றையும் அதே அளவுக்கு வெட்டி வாருங்கள். இரண்டாம் வருடம் வரிசை நடுவில் ஒன்று போனால், கடையில் அதே உயரத்தில் அதே வகை தேடி அலைவது வீண். கூடவே வளர்ந்ததை எடுத்து அந்த இடத்தில் இறக்கினால், இரண்டு வெட்டுக்குப் பிறகு எது புதியது என்று கண்டுபிடிக்க முடியாது.